புது செல்களை யார் காப்பாற்றுவது? டைப் 1 மகளுக்காக ஒரு தாய் கேட்ட கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 24 வயது. 10 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. இப்போது கோவையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறார். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் சாதா இன்சுலின், இரவு பத்து மணிக்குப் பால் போலக் கலங்கலான இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1. "இந்தக் கட்டுப்பாட்டை எல்லா டாக்டரும் பாராட்டுகிறார்கள்" என்கிறார் தாய். ஆனால் கடந்த எட்டு மாதங்களில் இரண்டு முறை, விடிகாலை மூன்று மணி வாக்கில் மகள் நினைவிழந்திருக்கிறார். ஒரு முறை வலிப்பும் வந்தது. வீட்டில் இருந்தபோது நடந்த ஒன்றில் தாய் பதறிப்போய் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றியிருக்கிறார். முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். இப்போது எந்த அறிகுறியும் வருவதில்லை. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் லேசாகக் கூடியிருக்கிறது.

ஒரு தனியார் மையம் ரத்தம் எடுத்துப் பார்த்து, "ஜிஏடி ஆன்டிபாடி நெகட்டிவ், சி-பெப்டைடு பூஜ்யம். எதிர்ப்புசக்தி அடங்கிவிட்டது, செல்களும் இல்லை. புது செல் வைக்க இதுதான் சரியான நேரம்" என்று சொல்லியிருக்கிறது. (ஜிஏடி ஆன்டிபாடி எதிர்ப்புசக்தியின் தாக்குதலுக்கு அடையாளம், சி-பெப்டைடு உடம்பு சொந்தமாக இன்சுலின் தயாரிப்பதற்கு அடையாளம்.) ஸ்டெம் செல் சிகிச்சைக்கு 12 லட்சம் கேட்டு, ஒரு லட்சம் முன்பணமும் வாங்கியிருக்கிறது. 52 வயதான அப்பாவுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. ஜப்பானில் ஒரு தாய் மகளுக்குக் கணையம் கொடுத்த செய்தியைப் படித்ததிலிருந்து, தன் கணையத்தில் பாதியைத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. அதற்குள் குணமாக்கிவிட வேண்டும் என்பது குடும்பத்தின் தவிப்பு. 13 வயது மகனுக்கும் இந்த நோய் வருமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள அம்மா,

செல் மாற்று சிகிச்சையைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது இன்று இரவே தேவைப்படலாம். மகள் நினைவில்லாமல் கிடக்கும்போது வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் அது தனி ஆபத்து. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், 108-ஐ அழையுங்கள். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்து கையில் இருந்தால் உடனே கொடுங்கள். அதை வாங்கி வைக்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நினைவு இருந்து விழுங்கவும் முடிகிறது என்றால் மட்டும் மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. விடுதியில் மகளோடு அறையில் தங்கியிருக்கும் பெண்ணுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நோயை மறைத்துத் தங்கியிருக்கிறார் என்றால் முதலில் மாற வேண்டியது அதுதான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

செல் மாற்றம் என்றால் என்ன

கணையத்துக்குள் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று சின்னச் சின்ன செல் கூட்டங்கள் உண்டு. மொத்தக் கணையத்தில் அவை நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அவற்றில் உள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலின் சுரக்கின்றன. மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கணையத்தை எடுத்து, நொதியால் கரைத்து, அந்தத் திட்டுகளை மட்டும் பிரித்தெடுப்பார்கள். பிறகு நோயாளியின் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துவார்கள். வயிற்றைத் திறக்கும் அறுவை சிகிச்சை பொதுவாகத் தேவைப்படாது. திட்டுகள் கல்லீரலில் தங்கி அங்கிருந்தே இன்சுலின் சுரக்கும். இது கற்பனை அல்ல, உண்மையான சிகிச்சைதான். பிரிட்டனில் 2008 முதல் அரசு மருத்துவ சேவையே இதற்குச் செலவு செய்கிறது.

2000-ஆம் ஆண்டு கனடாவின் எட்மண்டனில் ஜேம்ஸ் ஷாபிரோ குழுவினர் 7 பேருக்கு இதைச் செய்து, 7 பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தியதாக அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதே முறையை 9 மையங்களில் 36 பேருக்குச் செய்து பார்த்த முடிவு 2006-இல் வந்தது. ஒரு வருடக் கடைசியில் 16 பேர் ஊசியில்லாமல் இருந்தார்கள். அந்த 16 பேரில் இரண்டாம் வருடக் கடைசியிலும் ஊசியில்லாமல் இருந்தவர்கள் 5 பேர்.

இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். 2016-இல் வெளியான இன்னொரு ஆய்வில் 48 பேர். ஒரு வருடம் கழித்து ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ஊசி முற்றிலும் நின்றிருந்தது. ஆனால் 87.5 சதவீதம் பேருக்கு எச்பிஏ1சி 7-க்குக் கீழே இருந்தது, நினைவிழக்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கவும் இல்லை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். இந்தச் சிகிச்சையின் உறுதியான பலன், ஆபத்தான தாழ்சர்க்கரையிலிருந்து கிடைக்கும் விடுதலை. ஊசியிலிருந்து விடுதலை சிலருக்குக் கிடைக்கும், சில காலம் கிடைக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023 ஜூனில் முதன்முதலாக இப்படிப்பட்ட செல் மருந்து ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. அப்போதும் டைப் 1 நோயாளிகள் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. தீவிர சிகிச்சையும் முறையான பயிற்சியும் பெற்ற பிறகும் அடிக்கடி கடுமையாகச் சர்க்கரை இறங்குவதால் கட்டுப்பாட்டை எட்ட முடியாத பெரியவர்களுக்கு மட்டும்தான் கொடுத்தது.

நெகட்டிவ் என்றால் அடங்கிவிட்டது என்று பொருளா?

மையத்தில் உங்களுக்குச் சொன்னதில் மிகவும் தவறானது இதுதான். உங்கள் மகளின் பீட்டா செல்கள் தேய்ந்து போகவில்லை. அவருடைய எதிர்ப்புசக்தியே அவற்றை அந்நியம் என்று நினைத்து அழித்தது. அழித்த வேலை டி செல்கள் எனப்படும் ஒருவகை வெள்ளை அணுக்களுடையது. ஜிஏடி ஆன்டிபாடி அந்தத் தாக்குதல் நடந்ததற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். தாக்க எதுவும் மிச்சமில்லாமல் போனபின் வருடங்கள் ஆக ஆக அந்த அளவு குறைந்து, சிலருக்கு நெகட்டிவ் என்றே வந்துவிடும். நோய் வந்து 14 வருடம் ஆனவருக்கு இப்படி வருவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் நினைவுள்ள டி செல்கள் உள்ளேயே இருக்கின்றன. சின்ன வயதில் போட்ட அம்மைத் தடுப்பூசியை உடம்பு எத்தனையோ வருடம் மறக்காமல் வைத்திருக்கிறதே, அதே நினைவாற்றல்தான் இங்கே எதிராக வேலை செய்கிறது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1980-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரே மரபணு கொண்ட இரட்டையர்களில், நோயில்லாதவரின் கணையப் பகுதியை டைப் 1 உள்ளவருக்கு வைத்தார்கள். மரபணு ஒன்றுதானே, உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து கொடுக்கவில்லை. கணையத்தை உடம்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் இருந்த பீட்டா செல்கள் மட்டும் பொறுக்கி அழிக்கப்பட்டன. சர்க்கரை திரும்பி வந்தது. அவர்களும் பல வருடம் நோயோடு இருந்தவர்கள்தான்.

ஆகவே புது செல்லுக்கு இரண்டு எதிரிகள். அடுத்தவருடைய செல் என்பதால் வரும் நிராகரிப்பு ஒன்று. யாருடைய செல்லாக இருந்தாலும் பீட்டா செல் என்பதாலேயே வரும் பழைய பகை இன்னொன்று. செல்லை எங்கிருந்து எடுப்பது என்பதோடு, வைத்த பிறகு அதை யார் காப்பாற்றுவது என்பதையும் கேட்க வேண்டும்.

நீங்கள் அனுப்பியிருந்த சீனச் செய்தியையும் இதை வைத்தே படியுங்கள். தியான்ஜினில் 25 வயதுப் பெண் ஒருவருக்கு, அவருடைய சொந்த செல்களையே ஆய்வகத்தில் மாற்றித் திட்டுகளாக்கி வயிற்றுத் தசை உறைக்குக் கீழே வைத்தார்கள். இரண்டரை மாதத்தில் ஊசி நின்றது. 2024-இல் வெளியான இந்தச் செய்தி பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் பெண் ஏற்கெனவே கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துகொண்டவர், அதற்காக எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். மருந்து இல்லாமல் அந்த செல்கள் பிழைத்திருக்குமா என்பதற்கு அவருடைய அனுபவத்தில் பதில் இல்லை.

அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய திட்டுகளின் முடிவுகள் 2025 ஜூனில் வந்தன. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஒரு வருடக் கடைசியில் ஊசியில்லாமல் இருந்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த செய்தி இது. அவர்களும் எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஆய்வில் சேர்ந்த 14 பேரில் இருவர் இறந்தார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே இருந்த மறதிநோய் முற்றியது. மற்றவருடைய மரணத்துக்குக் காரணம் மூளையுறையில் வந்த பூஞ்சைத் தொற்று. எதிர்ப்புசக்தி குன்றியவர்களைத் தேடிப் பிடிக்கும் தொற்று அது.

மருந்தே இல்லாமல் செய்ய முடியுமா என்ற முயற்சியும் தொடங்கிவிட்டது. ஸ்வீடனின் உப்சாலாவில், எதிர்ப்புசக்தியின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய திட்டுகளை ஒருவருடைய முன்கைத் தசையில் வைத்தார்கள். 12 வாரம் வரை அவை பிழைத்து இன்சுலின் சுரந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். வைத்தது சிறிய அளவு என்பதால் அவருக்கு ஊசி தொடர்கிறது. ஒரே ஒரு நோயாளி, சில வாரங்கள். ஆனாலும் இந்தப் பாதையில்தான் வழி பிறக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மகளுக்கு 24 வயதுதான், காத்திருக்க அவருக்குக் காலம் இருக்கிறது.

அப்பாவின் பாதிக் கணையம்

அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது. அவரிடம் இதை நீங்களே படித்துக் காட்டுங்கள். 2005-இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு தாயின் கணையப் பகுதியிலிருந்து திட்டுகளை எடுத்து மகளுக்குச் செலுத்தினார்கள். மகளுக்கு ஊசியும் நின்றது. ஆனால் அந்த மகளுக்கு இருந்தது டைப் 1 அல்ல. நாள்பட்ட கணைய அழற்சியால் கணையம் கெட்டு வந்த சர்க்கரை நோய். பீட்டா செல்லைத் தேடி அழிக்கும் எதிர்ப்புசக்தி அவரிடம் இல்லை. அப்படி இருந்தும் தாயின் செல்லை ஏற்க மருந்து தேவைப்பட்டது.

தானம் செய்பவரின் கதையையும் யோசிக்க வேண்டும். பாதிக் கணையத்தை இழந்தவருக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு கூடும். உங்கள் கணவருக்கோ ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருக்கிறது. பொறுப்பான எந்த அறுவை சிகிச்சைக் குழுவும் அவரைத் தேர்ந்தெடுக்காது. நெருங்கிய உறவினர் உறுப்பு தர உறுப்பு மாற்றுச் சட்டம் இடம் தருகிறது என்பது உண்மைதான். சட்டம் அனுமதிப்பதெல்லாம் மருத்துவமாகச் சரி என்று ஆகிவிடாது.

வைத்த பிறகு வரும் வாழ்க்கை

செல் மாற்றம் செய்துகொண்டவர் இன்சுலினைக் குறைக்கிறார் அல்லது நிறுத்துகிறார். அதற்குப் பதிலாக டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் போன்ற மாத்திரைகளைச் செல்கள் உயிரோடு இருக்கும்வரை தினமும் சாப்பிடுகிறார். இந்த மாற்று யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் முழுக் கணக்கும். உங்கள் மகளைப் பொறுத்தவரை மூன்று விஷயங்கள் என்னை யோசிக்க வைக்கின்றன.

சிறுநீரகம்: டாக்ரோலிமஸ் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. மகளுக்கு அல்புமின் ஏற்கெனவே கசியத் தொடங்கியிருக்கிறது.

தாய்மை: மைகோபினோலேட் கருவில் இருக்கும் குழந்தைக்குக் குறை உண்டாக்கும். கர்ப்பத்துக்கு முன்பே அதை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற வேண்டும். கல்யாணத்துக்காக அவசரப்படுகிறீர்கள், ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வரும் வாழ்க்கையை இந்தச் சிகிச்சை எளிதாக்கப் போவதில்லை.

தொற்று: நம் நாட்டில் காசநோய்க் கிருமி பலருடைய உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்புசக்தியை அடக்கினால் அது விழித்துக்கொள்ளும். வேறு தொற்றுகளும் சில வகைப் புற்றுநோய்களும் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

அப்புறம் கண்காணிப்பு. "அடிக்கடி ரத்தம் பார்த்தால் போதுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து, குறைந்தால் செல்லுக்கு ஆபத்து. மறைந்திருக்கும் வைரஸ்கள் தலைதூக்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். தானம் தந்தவரின் திசுவுக்கு எதிராகப் புது ஆன்டிபாடிகள் உருவாகின்றனவா, ஜிஏடி, ஐஏ-2, ஜிங்க் டிரான்ஸ்போர்ட்டர் 8 போன்ற பழைய ஆன்டிபாடிகள் மறுபடி ஏறுகின்றனவா என்றும் பார்ப்பார்கள். பழைய ஆன்டிபாடி ஏறினால் பழைய பகை திரும்புகிறது என்று சந்தேகிக்கலாம். செல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது சி-பெப்டைடு. நம் உடம்பு இன்சுலின் தயாரிக்கும்போது மட்டும் வெளிவரும் துணுக்கு அது. ஊசி இன்சுலினில் இருக்காது. பூஜ்யமாக இருந்தவருக்கு அது ஏறினால் புது செல் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இத்தனை பார்த்தும் ஒரு பெரிய குறை இருக்கிறது. சிறுநீரக மாற்றத்தில் சந்தேகம் வந்தால் ஊசி போட்டுத் திசுவை எடுத்துப் பார்த்துவிடலாம். திட்டுகளோ கல்லீரல் முழுக்கத் தூவிக் கிடக்கின்றன, எங்கே குத்தி எடுப்பது? டி செல்களையே நேராக எண்ணிப் பார்க்கும் சோதனைகள் பெரும்பாலும் ஆய்வகங்களோடு நிற்கின்றன. சர்க்கரை ஏறத் தொடங்கும்போது செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும். தாக்குதல் தொடங்கியதும் மணி அடிக்கும் நம்பகமான சோதனை அன்றாட மருத்துவத்தில் இன்னும் இல்லை. உலகின் சிறந்த மையங்களே இதோடுதான் போராடுகின்றன. ஒரு தடவை ஜிஏடி பார்த்துவிட்டு "அடங்கிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இந்தப் போராட்டமே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. செல் தோற்றுப்போய் மருந்தை நிறுத்தும்போது, அடுத்தவர் திசுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் உடம்பில் பெருகிவிடலாம். பின்னாளில் சிறுநீரகம் தேவைப்பட்டால் பொருத்தமானது கிடைப்பது அதனால் கஷ்டமாகும்.

12 லட்சம் கேட்கும் மையம்

நீங்கள் அனுப்பிய அவர்களுடைய தாளைப் படித்தேன். தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை நரம்பில் டிரிப்பாக ஏற்றுவதாக எழுதியிருக்கிறார்கள். நான் மேலே சொன்ன திட்டுச் செல் மாற்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நரம்பில் ஏற்றிய செல் கணையத்துக்குப் போய் பீட்டா செல்லாக மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஸ்டெம் செல் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் வழிகாட்டுதல் 2017-இல் வந்தது. ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றம் போன்றவை தவிர, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகள் எல்லாம் முறைப்படி பதிவு செய்த மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற 2019-இல் வந்த மருத்துவ ஆய்வு விதிகள் உரிமை தருகின்றன.

அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் சிடிஆர்ஐ எனப்படும் இந்திய ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன, அனுமதி தந்த நெறிமுறைக் குழு எது? ஏற்றப்போகும் செல் எது, யாருடையது? எதிர்ப்புசக்தியை அடக்க என்ன மருந்து, எத்தனை காலம்? ஒரு வருடம் கழித்து எத்தனை பேருக்குச் சி-பெப்டைடு ஏறியது? வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டும் எழுதுங்கள், ரசீதையும் அந்தத் தாளையும் பத்திரமாக வையுங்கள். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், மாநில மருத்துவ கவுன்சிலிலும் புகார் கொடுக்கலாம்.

இப்போது மகளுக்கு என்ன செய்யலாம்

எச்பிஏ1சி 6.1 என்பதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த எண் கவலை தருகிறது. அது சராசரிதானே. பகலில் 200, விடிகாலையில் 45 என்று போனாலும் சராசரி அழகாக வரும். இரண்டு முறை நினைவிழந்த ஒருவருக்குக் கொஞ்ச காலம் இலக்கைத் தளர்த்தி, 7-ஐ ஒட்டியோ சற்று மேலேயோ வைப்பதுதான் பாதுகாப்பு.

இரண்டு சம்பவமும் விடிகாலை மூன்று மணிக்கு நடந்திருப்பதைப் பாருங்கள். கலங்கலான என்பிஎச் இன்சுலினை இரவு பத்து மணிக்குப் போட்டால் அதன் உச்சம் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் வரும். உச்சம் இல்லாமல் சீராக வேலை செய்யும் கிளார்ஜின், டெக்ளூடெக் போன்ற நீண்டநேர இன்சுலினுக்கு மாறுவதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே பேசுங்கள். நீங்களாக அளவை மாற்ற வேண்டாம். 12 லட்சம் வரை யோசித்த குடும்பம் இந்த ஒரு மாற்றத்தை இன்னும் முயன்று பார்க்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறு உங்களுடையது அல்ல, யாராவது உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

நடுக்கமும் வியர்வையும் வராமல் போனதற்கும் காரணம் உண்டு. அடிக்கடி சர்க்கரை இறங்கினால் உடம்பு அதற்குப் பழகி எச்சரிக்கை மணியை அடிப்பதை நிறுத்திவிடுகிறது. சில வாரங்கள் சர்க்கரை இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு அந்த உணர்வு ஓரளவாவது திரும்பி வருகிறது. இதற்குத்தான் கையில் ஒட்டும் சென்சார். சர்க்கரை 70-ஐ நெருங்கும்போதே போன் சத்தம் போடும், திருநெல்வேலியில் இருக்கும் உங்கள் போனிலும் கேட்கும்படி செய்யலாம். ஒரு நாளில் 70-க்குக் கீழே இருக்கும் நேரம் 4 சதவீதத்துக்குள், 54-க்குக் கீழே 1 சதவீதத்துக்குள் வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு. சென்சார் விலை கூடுதல்தான், ஆனால் அந்த மையத்துக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் பல வருடங்களுக்கு வாங்கலாம். அது போதவில்லை என்றால், சர்க்கரை இறங்கும்போது தானே இன்சுலினை நிறுத்தும் பம்ப் இருக்கிறது.

சர்க்கரை காரணமில்லாமல் இறங்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்ப்பது வழக்கம். டைப் 1 உள்ளவரின் எதிர்ப்புசக்தி தைராய்டையும் குடலையும் அரிதாக அட்ரினல் சுரப்பியையும் தாக்கக்கூடும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயிலும் அட்ரினல் குறைபாட்டிலும் தாழ்சர்க்கரை அடிக்கடி வரும். தைராய்டு, சீலியாக் ஆன்டிபாடி, காலை நேரக் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), சிறுநீரகச் செயல்பாடு ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மையம் எடுத்த ஜிஏடி சோதனையைவிட மகளுக்கு இவைதான் இப்போது உதவும்.

தம்பிக்குச் சோதனை

டைப் 1 உள்ளவரின் உடன்பிறப்புக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 20-இல் ஒன்று என்று மேற்கத்திய ஆய்வுகள் சொல்கின்றன. 20-இல் 19 பேருக்கு வராது. ஆன்டிபாடி சோதனை அவனுக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் மறுபடி சோதித்தும் உறுதியானால், அறிகுறி இல்லாவிட்டாலும் நோயின் முதல் கட்டம் தொடங்கிவிட்டது என்று கொள்கிறோம். அப்படிப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தால், மயங்கி விழுந்து ஐசியூவில் நோயைக் கண்டுபிடிக்கும் நிலையைத் தவிர்க்கலாம். நோய் வெளிப்படுவதைத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதி கொடுத்தது. ஆய்வில் அது சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போட்டது. ஆனால் பாசிட்டிவ் என்று வந்தால் அந்தச் செய்தியோடு அவன் வளர வேண்டும். 13 வயது என்றால் விவரம் தெரிந்த வயது. அவனிடம் சொல்லி, அவன் சம்மதத்தோடு எடுங்கள். எடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு ஆன்டிபாடியோடு நிறுத்த வேண்டாம்.

கல்யாணம்

நோயை மறைத்துச் செய்யும் கல்யாணத்தில் முதல் ஆபத்து உங்கள் மகளுடைய உயிருக்குத்தான். பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தெரியவில்லை என்றால், விடிகாலை மூன்று மணிக்கு யார் அவரை எழுப்புவது? சொல்லிவிட்டுப் பேசுங்கள். டைப் 1 உள்ள பெண்கள் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரையைச் சீராக்கி, கண்ணும் சிறுநீரகமும் பார்த்துக்கொண்டு, ஆரோக்கியமான குழந்தைகளைப் பெற்று வளர்க்கிறார்கள். வருகிற குடும்பத்துக்குச் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அவரே விளக்கட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் மகளிடமே கேளுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் அப்பாவின் விருப்பம், மையத்தின் விருப்பம், மாப்பிள்ளை வீட்டாரின் எதிர்பார்ப்பு எல்லாம் இருக்கின்றன. அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. ஊசி, மாத்திரை, ஆபத்து எல்லாம் அவருடைய உடம்புக்கு. சம்மதக் கையெழுத்தும் அவருடையதுதான்.

இன்சுலினை மாற்றி, சென்சார் போட்டு, பயிற்சி எடுத்து, தேவைப்பட்டால் பம்ப்பும் வைத்துப் பார்த்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்தும் இப்படியே நினைவிழக்கிறார் என்றால், அப்போது செல் மாற்றமோ முழுக் கணைய மாற்றமோ பற்றிப் பேசுவது நியாயம். அதற்கு உறுப்பு மாற்று சிகிச்சைக் குழு உள்ள மருத்துவமனைக்கு, சென்சார் பதிவுகளையும் அல்புமின் முடிவுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். இதற்கிடையில் இன்சுலினை மட்டும் எவர் சொன்னாலும் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.